எல்நாட்டுக்குப் படிக்கிறீர்களா? முதலில் ஒரு தப்பு நோட்டு வாங்குங்கள்

என் தங்கை எல்நாட் சட்ட நுழைவுத் தேர்வுக்கான முதல் மாதிரித் தேர்வை எழுதிவிட்டு 42-க்கு 17 என்று திரையில் பார்த்த சாயங்காலம், கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் எங்கள் வீட்டில் யாரும் டிவி போடவில்லை. ஐந்தாம் படிவத்து எஸ்.பி.எம். தேர்வில் ஏ மேல் ஏ வாங்கிய பிள்ளை, ஏ லெவலில் வரலாறும் இலக்கியமும் எடுத்திருப்பவள், ஆங்கிலம் தண்ணீர் பட்ட பாடு, அவளுக்கே 17. அம்மா உடனே "எந்த டியூஷன்ல சேர்க்கலாம்?" என்றார். டியூஷன் வேண்டாம், பத்து வாரம் என்னிடம் விடுங்கள் என்று சொல்லிவிட்டேன், ஏனென்றால் எட்டு வருடத்துக்கு முன் நானும் இதே தேர்வில் இதே இடத்தில்தான் விழுந்து எழுந்தேன். பிப்ரவரியில் முடிவு வந்தபோது அவளுக்கு 27. நடுவில் என்ன செய்தோம் என்பதைத்தான் எழுதுகிறேன்.

அதற்கு முன் ஒன்று. உங்களுக்கு இந்தத் தேர்வு தேவையா என்று பாருங்கள். எல்நாட் என்பது பிரிட்டனில் சில பல்கலைக்கழகங்கள் மட்டும் சட்டப் படிப்புக்குக் கேட்கும் நுழைவுத் தேர்வு: ஆக்ஸ்ஃபோர்ட், யூ.சி.எல்., எல்.எஸ்.இ., கிங்ஸ் காலேஜ், டர்ஹம், பிரிஸ்டல் மாதிரி இடங்கள், 2022-இல் இருந்து கேம்பிரிட்ஜும். மலாயாப் பல்கலைக்கழகத்தில் சேர இது வேண்டாம், அங்கே நீங்கள் கவலைப்பட வேண்டியது மூவெட் ஆங்கிலத் தேர்வும் ஆறாம் படிவத்து எஸ்.டி.பி.எம். அல்லது மெட்ரிகுலேஷன் புள்ளிகளும். இங்கே ஒரு வருடம் இரண்டு வருடம் படித்துவிட்டு மிச்சத்தை அங்கே முடிக்கிற வழிகளிலும் பெரும்பாலும் கேட்பதில்லை. தேவையில்லாதவர்கள் இத்தோடு எழுந்து தே தாரிக் குடிக்கப் போகலாம். வெளிநாட்டில் படித்துவிட்டு இங்கே வந்து வக்கீல் தொழில் செய்ய நினைக்கிறவர்கள், அந்தப் பல்கலைக்கழகத்துப் பட்டத்தைச் சட்டத் தொழில் தகுதி வாரியம் ஏற்கிறதா என்பதை விண்ணப்பிக்கும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

தேர்வு இரண்டே கால் மணி நேரம், கணினியில். முதல் பகுதியில் 12 பத்திகள், ஒவ்வொன்றுக்கும் மூன்று அல்லது நான்கு கேள்விகள், மொத்தம் 42, நேரம் 95 நிமிடம். இரண்டாவது பகுதி 40 நிமிடக் கட்டுரை, மூன்று தலைப்பில் ஒன்று. கட்டுரைக்கு மதிப்பெண் கிடையாது, அது அப்படியே பல்கலைக்கழகத்துக்குப் போகும், அவர்கள் படித்துப் பார்ப்பார்கள். தப்பான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை, அதனால் ஒரு கேள்வியைக்கூட வெறுமையாக விடாதீர்கள். அண்மை ஆண்டுகளில் சராசரி இருபதுகளின் தொடக்கத்தில்தான் நிற்கிறது. ஆகவே 42-க்கு 17 என்பது நம் வீட்டில் தெரிகிற அளவுக்கு இழவு இல்லை.

இதில் சட்டம் ஒரு வரிகூடக் கேட்க மாட்டார்கள். பொது அறிவும் கிடையாது. நம் பிள்ளைகள் வழுக்குவதும் இங்கேதான், ஏனென்றால் தெரிந்ததைக் கொட்டி மதிப்பெண் வாங்கியே வளர்ந்தவர்கள் நாம். பத்தியில் இருப்பது என்ன என்று கேட்டால், நமக்குத் தெரிந்தது என்ன என்று பதில் சொல்கிறோம். ஒரு சின்ன உதாரணம், நானே கட்டியது:

"மாமாக் உணவுக் கடைகளை நள்ளிரவோடு மூடினால் உடல் பருமன் குறையும் என்கிறார்கள். வீட்டுச் சாப்பாட்டை மட்டும் சாப்பிடுகிறவர்களிலும் பருமனானவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். ஆகவே கடைகளை மூடுவதால் ஒரு பயனும் இல்லை."

இந்த வாதம் வெளியே சொல்லாமல் நம்பிக்கொண்டிருப்பது எது? அ) இரவில் சாப்பிடுவதால் உடம்புக்குக் கெடுதல் இல்லை. ஆ) ஒரு பிரச்சினையை முழுசாகத் தீர்க்காத நடவடிக்கை பயனற்றது. இ) கடைகளை மூடினால் பலர் வேலை இழப்பார்கள்.

தங்கை 'அ' என்றாள். கேட்டால், "அப்படித்தானேக்கா அவர் சொல்றார்?" என்கிறாள். இல்லை. இரவுச் சாப்பாடு கெடுதல் என்று ஒப்புக்கொண்டே அவர் இதே வாதத்தை வைக்கலாம், "கெடுதல்தான், ஆனாலும் கடையை மூடிப் பிரயோசனமில்லை, வீட்டில் சாப்பிடுகிறவனும் பருமனாகத்தானே இருக்கிறான்" என்று. ஆகவே 'அ' இல்லாமலும் வாதம் நிற்கும். 'இ' உண்மையாகவே இருக்கலாம், ஆனால் பத்தியில் அந்தப் பேச்சே இல்லை. 'ஆ'வை மறுத்துப் பாருங்கள்: பாதி தீர்த்தாலும் பயன்தான் என்று வைத்தால், வாதம் அங்கேயே சரிந்துவிடும். இப்படி ஒவ்வொரு விடையையும் மறுத்துப் பார்த்து எது போனால் வாதம் விழுகிறது என்று தேடுவதுதான் இந்த வகைக் கேள்விக்குச் சாவி. உண்மையான தேர்வில் ஐந்து விடைகள் இருக்கும், அதில் இரண்டு பார்க்க ரொம்ப லட்சணமாக இருக்கும்.

சரி, தப்பு நோட்டு, அதாவது நாம் செய்த தப்புகளை எழுதி வைக்கும் நோட்டு. இரண்டு வெள்ளிக்குக் கிடைக்கும் நோட்டுப் புத்தகம் போதும். ஒவ்வொரு தப்பான கேள்விக்கும் நான்கு விஷயம்: எந்தக் கேள்வி, நான் போட்டது, சரியான விடை, அப்புறம் முக்கியமாக, நான் போட்டது அந்த நேரத்தில் ஏன் சரியாகப் பட்டது. கடைசியதை எழுதத்தான் எல்லோருக்கும் சோம்பல். "கவனக்குறைவு" என்று எழுதக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம், அந்த வார்த்தை எழுதினால் பாத்திரம் கழுவ வேண்டும். முதல் வாரம் முழுக்க அவள்தான் கழுவினாள். மூன்று வாரம் கழித்து எண்ணிப் பார்த்தோம். 58 தப்பு. அதில் 23 ஒரே வகை: கட்டுரையாளர் இன்னொருவர் சொன்னதை எடுத்துக் காட்டுகிறார், இவள் அதைக் கட்டுரையாளரின் சொந்தக் கருத்தாக எடுத்துக்கொள்கிறாள். அடுத்த ஒரு வாரம் புதுத் தாள் எதையும் தொடவில்லை, பழைய பத்திகளை எடுத்து ஒவ்வொரு வாக்கியத்தின் ஓரத்திலும் "இவர்", "மற்றவர்" என்று பென்சிலால் எழுதினாள், அவ்வளவுதான். அந்த வகைத் தப்பு கிட்டத்தட்ட நின்றுவிட்டது. இருபது தாள் போட்டிருந்தாலும் இது நடந்திருக்காது.

இன்னொரு பழக்கம், நோட்டோடு சேர்ந்து போவது. நேரம் வைத்துத் தாளை எழுதி முடித்ததும் விடையைத் திறக்காதீர்கள். சந்தேகத்தோடு போட்ட கேள்விகளை மறுபடி, கடிகாரம் இல்லாமல், நிதானமாகப் போடுங்கள், அதற்குப் பிறகு திருத்துங்கள். முதலில் தப்பு, இரண்டாவதில் சரி என்றால் உங்கள் சிக்கல் வேகம். இரண்டிலும் தப்பு என்றால் புரிதல். முதலில் சரி, இரண்டாவதில் தப்பு என்றால், மன்னிக்கவும், அது குருட்டு அதிர்ஷ்டம், அதையும் நோட்டில் ஏற்றுங்கள். வேகத்துக்கும் புரிதலுக்கும் வைத்தியம் வேறு வேறு, இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டுதான் பலர் மாதக்கணக்கில் ஒரே மதிப்பெண்ணில் நிற்கிறார்கள்.

தமிழ்ப்பள்ளியில் படித்து வந்தவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. "எல்லோரும் வரவில்லை" என்று நாம் சொன்னால் சில பேர் வந்தார்கள் என்றும் எடுக்கலாம், ஒருவர்கூட வரவில்லை என்றும் எடுக்கலாம், சூழலைப் பார்த்துப் புரிந்துகொள்வோம். ஆங்கிலத்தில் 'நாட் ஆல்' வேறு, 'நன்' வேறு, அந்த இடைவெளியில்தான் கேள்வியே உட்கார்ந்திருக்கும். இதே மாதிரி 'சம்', 'மோஸ்ட்', 'அன்லெஸ்', 'ஒன்லி இஃப்', 'மே', 'மஸ்ட்'. பத்தியில் 'மே' இருந்து விடையில் 'வில்' இருந்தால் அந்த விடை பெரும்பாலும் பொறி. இந்தச் சொற்களை மட்டும் வட்டமிட்டுப் படிக்க இரண்டு வாரம் பழகுங்கள். எனக்கு இதைச் சொல்லிக் கொடுக்க யாரும் இல்லை, நானாகக் கண்டுபிடித்தபோது தேர்வுக்குப் பத்து நாள்தான் இருந்தது.

நேரம்: 95 நிமிடத்தை 12-ஆல் வகுத்தால் ஒரு பத்திக்கு எட்டு நிமிடம்கூட இல்லை. ஆனால் முதல் மூன்று வாரம் கடிகாரத்தையே பார்க்காதீர்கள். பிறகு பத்து நிமிடம், பிறகு எட்டு, கடைசி இரண்டு வாரம் ஏழு. பத்திக்கு ஏழு என்றால் 84, குறித்து வைத்த கேள்விகளுக்குத் திரும்ப 11 நிமிடம் கையில் இருக்கும். முதல் பகுதிக்குள் முன்னும் பின்னும் போய் வரலாம், கட்டுரைக்குள் நுழைந்த பிறகு திரும்ப முடியாது.

பயிற்சித் தாள்தான் குறைவு. எல்நாட் தளத்தில் இலவசமாகக் கிடைப்பவற்றை எடுத்த எடுப்பில் எல்லாம் தின்று தீர்த்துவிடாதீர்கள், ஒன்றைத் தொடக்கத்தில் போட்டுப் பாருங்கள், ஒன்றைக் கடைசி வாரத்துக்கு ஒளித்து வையுங்கள். நடுவில் பசிக்கு ஆக்ஸ்ஃபோர்டின் டி.எஸ்.ஏ. என்ற சிந்தனைத் திறன் தேர்வின் பழைய தாள்கள் இணையத்தில் இருக்கின்றன, அதில் கணக்குக் கேள்விகளை விட்டுவிட்டு வாதக் கேள்விகளை மட்டும் போடுங்கள். அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளுக்கான எல்சாட் தேர்வின் லாஜிக்கல் ரீசனிங் பகுதியும் நல்ல தீனி, அந்தத் தேர்வை நடத்துகிறவர்களின் லாஹப் தளத்தில் கணக்குத் திறந்தால் சில தாள்கள் காசில்லாமல் கிடைக்கும். (எல்சாட்டே எழுதப் போகிறவர்களுக்கு: 2024 ஆகஸ்டில் இருந்து லாஜிக் கேம்ஸ் பகுதியை எடுத்துவிட்டார்கள். பழைய புத்தகக் கடையில் தடிதடியாக அடுக்கி வைத்திருக்கும் லாஜிக் கேம்ஸ் புத்தகத்துக்கு ஒரு காசு கொடுக்காதீர்கள்.)

வாசிப்புக்குத் தி கார்டியன், தி எகனாமிஸ்ட் என்று எல்லோரும் சொல்வார்கள், படியுங்கள். ஆனால் வாதத்தைப் பிரித்துப் பார்க்க ஆங்கிலம்தான் வேண்டும் என்று இல்லை. காலையில் பசியாறும்போது அப்பா மலேசிய நண்பனோ மக்கள் ஓசையோ விரித்து வைத்திருப்பார், தலையங்கத்தை எடுத்து, இவர் என்னதான் சொல்ல வருகிறார் என்று ஒரே வரியில் சொல்லச் சொல்வேன். பாதி நாள் தங்கை காரணத்தைச் சொல்வாள், முடிவைச் சொல்ல மாட்டாள். அப்பா குறுக்கே புகுந்து அரசியலுக்கு இழுத்துக்கொண்டு போவார், அது வேறு கதை.

கட்டுரைக்கு வருவோம். நமக்குப் பட்டிமன்றம் பார்த்துப் பார்த்து ஒரு நோய் உண்டு: ஒரு அணியில் சேர்ந்துவிட்டால் எதிரணியைக் கிண்டல் செய்தே ஜெயித்துவிடப் பார்ப்போம். இங்கே அது எடுபடாது. எதிரணியின் மிக பலமான வாதத்தை, அவர்களே கேட்டால் "ஆமாம், இதைத்தான் சொன்னோம்" என்று ஒப்புக்கொள்ளும்படி நீங்கள் எழுதி, அதற்குப் பிறகும் உங்கள் பக்கம் ஏன் நிற்கிறது என்று காட்ட வேண்டும். 40 நிமிடத்தில் முதல் ஏழு நிமிடம் எழுதாமல் திட்டமிடுங்கள், 500, 600 சொல் போதும், 750-ஐத் தாண்டாதீர்கள்.

ஓட்டுப் போடுவதைக் கட்டாயமாக்க வேண்டுமா என்று ஒரு தலைப்பு என்று வைத்துக்கொள்வோம். லண்டன் உதாரணத்துக்கு அலைய வேண்டாம். நம் நாட்டில் ஓட்டு வயதை 21-இல் இருந்து 18 ஆக்க 2019-இல் அரசியலமைப்பைத் திருத்தினார்கள், கூடவே பதிவும் தானாக நடக்கும்படி செய்தார்கள், 2022 பொதுத்தேர்தலில் அந்தப் பிள்ளைகள் ஓட்டுப் போட்டார்கள். பாலத்துக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூரில் ஓட்டுப் போடுவது கட்டாயம், போடாவிட்டால் வாக்காளர் பட்டியலில் இருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். ஓட்டுப் போடாதவனுக்குத் தண்டனை அவன் ஓட்டையே பறிப்பது! இதில் ஒரு முரண் இருக்கிறது அல்லவா, அதைப் பிடித்துக்கொண்டு இரண்டு பத்தி எழுதலாம். அப்படித்தான் தங்கை பயிற்சியில் எழுதினாள், அவள் எழுதியதிலேயே உருப்படியானது அதுதான்.

எங்கே உட்கார்ந்து படிப்பது என்பதில் எனக்குக் கருத்து உண்டு. தொடக்கத்தில் டத்தாரான் மெர்டேக்கா பக்கம் இருக்கும் கோலாலம்பூர் நூலகம், மஸ்ஜித் ஜாமெக்கில் இறங்கி நடந்துவிடலாம். கடைசி இரண்டு வாரம் வேண்டுமென்றே சத்தத்தில், காற்பந்து ஓடுகிற மாமாக் கடையில். தேர்வு மையத்தில் பக்கத்தில் இருப்பவர் கட்டுரையை ஆணி அடிக்கிற மாதிரி தட்டுவார், அது காதில் விழாமல் படிக்கப் பழக வேண்டும்.

பதிவு ஆகஸ்டில் தொடங்கும், தேர்வு செப்டம்பரில் இருந்து. ஆக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ் என்றால் அக்டோபர் நடுப்பகுதிக்குள் எழுதியாக வேண்டும், நவராத்திரி கொலுவும் ஏ லெவல் பாடமும் எல்லாம் ஒரே நேரத்தில் தலையில் விழும், அதனால் கொண்டாட்டத்துக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற கதை வேண்டாம். மற்ற இடங்களின் கடைசித் தேதியை அந்தந்தத் தளத்திலேயே பாருங்கள். ஒரு சுற்றில் ஒரே ஒரு முறைதான் எழுத முடியும், கட்டணம் மலேசியாவில் எழுதினால் 120 பவுண்டு, அறுநூறு வெள்ளிக்கு மேல், அதனால் "சும்மா ஒரு தடவை எழுதிப் பார்ப்போம்" என்ற பேச்சே கிடையாது. கோலாலம்பூரில் இந்தக் கணினித் தேர்வை நடத்தும் பியர்சன் வியூ மையத்தில் இடம் பிடிக்கலாம், நல்ல நேரங்கள் சீக்கிரம் போய்விடும்.

கடைசியாகப் பெயர். படிவம் முதல் பெயர், குடும்பப் பெயர் என்று கேட்கும், நம்மிடம் குடும்பப் பெயர் ஏது? இருப்பது நடுவில் மகன் என்று சொல்ல ஒரு ஏ/எல் அல்லது மகள் என்று சொல்ல ஒரு ஏ/பி, பின்னால் அப்பா பெயர். தங்கை 'ஏ/பி'யை விட்டுவிட்டுப் பதிந்துவிட்டாள், பாஸ்போர்ட்டில் அது இருக்கிறது. மையத்தில் பெயர் அடையாள ஆவணத்தோடு பொருந்தாவிட்டால் உள்ளே விடாமலும் போகலாம் என்று அவளுக்குத் தெரிந்தது தேர்வுக்கு மூன்று நாள் முன்பு, இரவு பதினொரு மணிக்கு. மின்னஞ்சல் எழுதித் திருத்தி வாங்குவதற்குள் அந்த மூன்று நாளில் ஒரு பத்திகூடப் படிக்கவில்லை. பதியும்போது பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு எழுத்துக்கு எழுத்து பாருங்கள், அப்படியே அதன் காலாவதித் தேதியையும்.