தடுப்பூசி, இறப்பு விகிதம்: கணக்கு சறுக்கும் இடங்கள்

இறப்புத் தரவுகளோடு பல ஆண்டுகளாக வேலை செய்கிறேன். புதிதாகச் சேர்பவர்கள் கொண்டுவரும் முதல் அட்டவணையைத் திறந்தால், 2021-ல் நான் செய்த அதே பிழை அதில் இருக்கும். கூட்டல் பிழை, ஒரே ஆளை இரண்டு முறை எண்ணுவது போன்றவை எப்படியும் அகப்பட்டுவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

வயதைப் பிரிக்காமல் ஒப்பிடுவது

அன்று நான் தயாரித்த அறிக்கையில், கொரோனா தடுப்பூசி போட்டவர்களின் இறப்பு விகிதம் போடாதவர்களைவிடச் சற்று அதிகம் என்று ஒரு வரி இருந்தது. எண்ணில் பிழை இல்லை. ஆனால் அந்த வரி மட்டும் கைமாறிக் கைமாறி என் அத்தையிடம் போய்ச் சேர்ந்தது. எழுபது வயதைத் தாண்டியவர். இரண்டாவது ஊசி வேண்டவே வேண்டாம் என்றுவிட்டார். அவரைச் சம்மதிக்க வைக்க ஒன்றரை மாதம் ஆனது. அந்த ஒன்றரை மாதமும் எனக்குச் சரியான தூக்கம் இல்லை.

நடந்தது இதுதான். ஒரு லட்சம் பேர் என்று வைத்துக்கொள்வோம். முதியவர்கள் 20,000, அவர்களில் 18,000 பேர் ஊசி போட்டாயிற்று. இளையவர்கள் 80,000, போட்டவர்கள் 20,000 மட்டுமே. அலை வருகிறது. ஊசி போடாத 2,000 முதியவர்களில் 20 பேர் இறக்கிறார்கள். போட்ட 18,000 பேரில் 18 பேர். ஆயிரத்துக்குப் பத்து எங்கே, ஒன்று எங்கே! இளையவர்களில் போடாதவர்கள் 6 பேர் இறக்கிறார்கள், போட்டவர்களில் யாரும் இல்லை.

இப்போது வயதை அழித்துவிட்டுக் கூட்டுங்கள். போட்ட 38,000 பேரில் 18 மரணம், அதாவது லட்சத்துக்கு 47. போடாத 62,000 பேரில் 26 மரணம், லட்சத்துக்கு 42. இறந்திருக்கக்கூடிய முதியவர்களில் பத்துக்கு ஒன்பது பேரைக் காத்த ஊசி கொலைகாரனாகத் தெரிகிறது! போட்டவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் முதியவர்கள், போடாதவர்களில் அவர்கள் மிகச் சிலரே என்பதுதான் காரணம்.

இதற்கு சிம்ப்சன் முரண்பாடு என்று பெயர். 2021 ஆகஸ்டில் இஸ்ரேலில் தீவிர நிலையில் இருந்த நோயாளிகளில் பாதிக்கு மேல் ஊசி போட்டவர்கள் என்ற செய்தி உலகம் முழுக்கச் சுற்றியது. வயதுவாரியாகப் பிரித்ததும், போட்டவர்களுக்கு ஆபத்து பல மடங்கு குறைவு என்று தெரிந்தது. பிரித்தால் மட்டும் போதாது, நுணுக்கமாகப் பிரிக்க வேண்டும். இங்கிலாந்தின் ஓர் அட்டவணையில் 10 முதல் 59 வயது வரை ஒரே பிரிவு. பள்ளிப் பிள்ளையும் ஐம்பத்தெட்டு வயதுக்காரரும் ஒரே கட்டத்தில்! அங்கேயும் இதே மாயம்தான் நடந்தது.

ஊசிக்குப் பின் இறந்தால் ஊசியால் இறந்தார் என்பது

1976 அக்டோபரில், அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் பன்றிக் காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொண்ட மூன்று முதியவர்கள் அடுத்தடுத்து இறந்தார்கள். பல மாநிலங்கள் முகாம்களை நிறுத்தின. அந்த வயதில், அத்தனை லட்சம் பேரில், ஊசி இல்லாமலும் தினமும் சிலர் இறக்கத்தான் செய்வார்கள். அப்புறம் அதே ஊசியில் வேறொன்று தெரிய வந்தது. நரம்புகளைத் தாக்கும் கியான்–பாரே நோய், எதிர்பார்த்ததைவிட ஏறக்குறைய லட்சத்தில் ஒருவருக்குக் கூடுதலாக வந்தது. டிசம்பரில் திட்டமே நின்றது. வழக்கமாக அந்த வாரங்களில் எத்தனை பேருக்கு வந்திருக்கும் என்ற எண்ணைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் தற்செயலையும் நிஜமான பாதிப்பையும் பிரித்தறிய முடியும்.

பாதுகாப்பு என்றால் பக்கவிளைவே இல்லை என்பது

தவறு. ஃபைசர், மாடர்னா போன்ற எம்ஆர்என்ஏ வகைக் கொரோனா ஊசிகளுக்குப் பின் இளம் ஆண்களிடம் அரிதாக இதயத்தசை அழற்சி வந்தது. அதை மறைத்தால் நாம் சொல்லும் மற்ற எண்களையும் யாரும் நம்பமாட்டார்கள்.

பதிவான கொரோனா மரணங்களை மட்டும் எண்ணுவது

2020, 2021 இரண்டு ஆண்டுகளில் பதிவானவை சுமார் 54 லட்சம். உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்ட மிகை இறப்புகள், அதாவது வழக்கமாக எதிர்பார்ப்பதைவிடக் கூடுதலாக நடந்த இறப்புகள், சுமார் 1.49 கோடி.

ஊசி போட்ட முதல் இரண்டு வாரங்கள்

ஊசி முழுதாக வேலை செய்ய நாளாகும் என்று சொல்லி, அந்த நாட்களில் நடக்கும் மரணங்களைப் போடாதவர்கள் கணக்கில் தள்ளாதீர்கள். தனி வரிசை வையுங்கள்.