குடல் புற்றுநோயாளிக்குக் காமாலை கண்டால் வீட்டார் செய்ய வேண்டியவை

பெருங்குடலிலோ மலக்குடலிலோ தொடங்கிய புற்றுநோய் கல்லீரலுக்கும், பித்தநாளத்தை ஒட்டியுள்ள நிணநீர்க் கணுக்களுக்கும் பரவும்போது, அந்த நாளம் நெருக்கப்பட்டு, குடலில் இறங்க வேண்டிய பித்தநீர் தேங்கிவிடக்கூடும். கண்ணில் மஞ்சள் தெரிவதற்கு இரத்தத்தில் பிலிருபின் என்ற மஞ்சள் நிறமி டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 3 மில்லிகிராம் அளவை எட்ட வேண்டும் என்பதால், அதற்கு முன்பே சிறுநீர் கடுந்தேநீர் நிறத்துக்கு மாறுகிறதா, மலம் களிமண் போல் வெளுக்கிறதா, உடலெங்கும் அரிப்பு தொடங்கியிருக்கிறதா என்று கவனியுங்கள். கண்ணை டியூப் லைட்டில் பார்க்காமல், சன்னலோரம் பகல் வெளிச்சத்தில் மேலிமையை உயர்த்திப் பாருங்கள்.

நம் வீடுகளில் காமாலை என்றதும் கீழாநெல்லியைத் தேடுவார்கள். வைரஸால் வரும் காமாலை பெரும்பாலும் தானே வடிந்துவிடுவதால் அந்தச் செடிக்குப் பெயர் வந்திருக்கலாம். கட்டி நெருக்கிய நாளத்தை எந்த இலையும் திறக்காது, அதற்காகக் கழியும் நாட்கள் வீண்.

ஸ்கேன் முடிந்ததும் மருத்துவரிடம் முதலில் கேட்க வேண்டியது, பித்தநாளங்கள் விரிந்திருக்கின்றனவா என்பதே. விரிந்திருந்தால் குழாய் வைத்து வடிக்க வழியுண்டு. நாளம் விரியாமல் கல்லீரலே கட்டிகளால் நிறைந்து காமாலை வந்திருந்தால், குழாயால் பயனில்லை. பித்தநீர் குடலுக்கு வராவிட்டால் வைட்டமின் கே சரியாக உட்கிரகிக்கப்படாமல் இரத்தம் உறைவது தாமதமாகும் என்பதால், இரத்தம் உறையாதிருக்க ஏதேனும் மாத்திரை சாப்பிட்டு வந்தால் அதைத் தவறாமல் சொல்லுங்கள். பிலிருபின் இறங்கினால்தான் இரினோடெக்கான் போன்ற கீமோ மருந்துகளைத் தர முடியும். நோயாளி மிகவும் தளர்ந்திருந்தால், குழாய் வைப்பது அரிப்பைத் தணிப்பதற்கு மட்டுமா, அதுவே அவருக்குப் பெரும் சிரமமாகுமா என்பதையும் வெளிப்படையாகக் கேட்டுக்கொள்வது நல்லது.

எண்டோஸ்கோப்பி வழியாக நாளத்துக்குள் வைக்கும் சிறு குழாயான ஸ்டென்ட் பிளாஸ்டிக்கானால் சுமார் 3 மாதத்தில் மாற்ற வேண்டியிருக்கும். உலோக ஸ்டென்ட் கூடுதல் காலம் தாங்கும். வகையையும் வைத்த தேதியையும் ஃபைலின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். விலாப்பக்கத் தோல் வழியாகக் குழாய் போட்டிருந்தால், பித்தநீர் வடியும் பையை இடுப்புக்குக் கீழே தொங்கவிட்டு, தினமும் அளவைக் குறியுங்கள். பித்தநீர் திடீரெனக் குறைந்தால் குழாய் அடைபட்டிருக்கலாம்.

ஸ்டென்ட் உள்ளவருக்குக் குளிர்நடுக்கத்துடன் 100.4 டிகிரி காய்ச்சல் வந்தால், பாராசிட்டமால் கொடுத்து விடியும்வரை காத்திருக்காதீர்கள். தேங்கிய பித்தநீரில் பற்றும் கிருமித்தொற்று சில மணி நேரத்திலேயே இரத்தத்தில் பரவி இரத்த அழுத்தத்தைச் சரித்துவிடும். அவசரப் பிரிவில் பணி மருத்துவரிடம் காய்ச்சலைச் சொல்வதற்கு முன், "பித்தநாளத்தில் ஸ்டென்ட் இருக்கிறது, கடைசிக் கீமோ இந்தத் தேதியில் நடந்தது" என்று சொல்லி, ஃபைலைக் கையில் கொடுங்கள்.