டைரீ தீவில் விண்ட்சர்ஃபிங்: புதியவர்கள் கடற்கரையைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

ஸ்காட்லாந்தின் ஓபன் துறைமுகத்தில் கப்பல் ஏறினால் சுமார் 4 மணி நேரத்தில் டைரீ வந்துவிடும். இன்னர் ஹெப்ரிடீஸ் தீவுகளில் மேற்குக் கோடியில் இருப்பது இதுதான். நீளம் ஏறத்தாழ 19 கி.மீ. மரங்கள் இல்லையென்றே சொல்லலாம்; உயரமான குன்றே 141 மீட்டர்தான். அட்லாண்டிக்கிலிருந்து வரும் காற்றை மறிக்க ஒன்றுமில்லை. விண்ட்சர்ஃபிங் என்பது துணிப்பாய் பொருத்திய பலகையில் நின்றபடி காற்றின் பலத்தில் தண்ணீரில் போகும் விளையாட்டு. 1980களிலிருந்து அக்டோபர் மாதத்தில் இங்கே நடக்கும் விண்ட்சர்ஃபிங் போட்டிக்கும் அந்தக் காற்றுதான் காரணம். ஆனால் அக்டோபர் தேர்ந்தவர்களுக்கான மாதம். பாய் பிடிக்கக் கற்றுக்கொள்பவர்கள் ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை போவது நல்லது.

படி 1: முதலில் காற்று, அப்புறம்தான் கடற்கரை

"எந்தக் கடற்கரை நல்லது?" என்று பயணத்துக்கு முன்பே முடிவு செய்துவிடாதீர்கள். தீவைச் சுற்றி எல்லாத் திசையிலும் மணல்கரை இருக்கிறது. அன்றன்று காலையில் காற்று முன்னறிவிப்பைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதுதான் டைரீயின் வசதியே. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: நாம் மேல்காற்று என்றால் மேற்கிலிருந்து வருவதைத்தானே சொல்கிறோம், முன்னறிவிப்பிலும் அப்படித்தான். அம்புக்குறியைப் பார்த்துக் குழம்பிப் போகிறவர்கள் நிறைய.

காற்றின் வேகம் 8 முதல் 12 நாட் வரை (மணிக்குச் சுமார் 15 முதல் 22 கி.மீ.) இருந்தால் போதும். கடலில் ஆங்காங்கே வெள்ளை நுரை நிறையத் தெரிந்தால் 12ஐத் தாண்டிவிட்டது என்று கொள்ளலாம். அன்றைக்கு வேடிக்கை பார்க்கலாம்.

படி 2: காற்றையும் கரையையும் பொருத்திப் பாருங்கள்

கிழக்குப் பக்கத்தில் இருக்கும் காட் விரிகுடாவை எடுத்துக்கொள்வோம். இதன் மணல்கரைக்குக் கேலிக் மொழியில் 'பெரிய கடற்கரை' என்றே பெயர். முகம் தென்கிழக்கு. தென்மேற்குக் காற்று அடிக்கும்போது கடலைப் பார்த்து நின்றால் காற்று உங்கள் வலது காதில் படும். கரையை ஒட்டிப் போகும் காற்று இது. புதியவர்களுக்கு இதைவிட நல்லது கிடையாது. பாயைத் தூக்க முடியாமல் தடுமாறினாலும் கரையோரமாகவே தள்ளிக்கொண்டு போவீர்கள். இறங்கி, பலகையை இழுத்துக்கொண்டு நடந்து திரும்பலாம். முதல் நாளில் பாதி நேரம் அந்த நடையிலேயே போய்விடும், அது வேறு விஷயம்.

அதே இடத்தில் வடமேற்குக் காற்று அடித்தால்? தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். அலை இல்லை, ஆர்ப்பாட்டம் இல்லை. 'ஆஹா, நமக்கு ஏற்ற நாள்' என்று தோன்றும். ஏமாறாதீர்கள். காற்று நிலத்திலிருந்து கடலுக்குப் போகிறது. அதனால்தான் கரையோரம் அமைதி. ஐம்பது மீட்டர் போனதும் வேகம் கூடும், பலகை கரையை விட்டு விலகிக்கொண்டே போகும். எதிரில் மல் தீவு கண்ணுக்குத் தெரியும்தான், ஆனால் பலகையில் போய்ச் சேரும் தூரமில்லை. முதுகில் காற்று பட்டால் அந்தக் கரையில் இறங்கவே வேண்டாம்.

கடலிலிருந்து நேராக முகத்தில் அடிக்கும் காற்றில் அந்த ஆபத்து இல்லை. ஆனால் அலை உங்களைத் திரும்பத் திரும்பக் கரைக்கே தள்ளும். பாதுகாப்பு உண்டு, பாடம் குறைவு.

படி 3: முதல் இரண்டு நாளுக்கு ஏரி

வடமேற்கில் லோக் வாசபோல் என்ற நன்னீர் ஏரி இருக்கிறது. ஆழம் குறைவு. காற்று எப்பக்கம் அடித்தாலும் ஏதாவது ஒரு கரையில்தான் போய் ஒதுங்குவீர்கள். கடலுக்குத்தானே வந்தோம் என்று இதை ஒதுக்க வேண்டாம். திரும்பி வரக் கற்றுக்கொண்ட பிறகு காட் விரிகுடாவுக்குப் போகலாம். அட்லாண்டிக் அலை நேராக மோதும் பாலெவுல்லின் கடற்கரை அழகுதான். இப்போதைக்குப் படம் எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

படி 4: வற்றமும் பெருக்கும்

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் அதிகமாக ஏறி அதிகமாக வற்றும். தண்ணீர் வற்றியிருக்கும்போது ஒருமுறை கரையில் நடந்து, பாறைகள் எங்கே இருக்கின்றன என்று பார்த்து வையுங்கள். பெருக்கில் அவை மறைந்துவிடும், காலுக்கு மட்டும் தெரியும்.

படி 5: குளிர்

கோடையின் கடைசியில்கூடக் கடல் 14 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். 5 மி.மீ. தடிமனுள்ள வெட்சூட் (குளிர் தாங்கும் இறுக்கமான ரப்பர் உடை), ரப்பர் காலணி இரண்டும் கட்டாயம். விரல் மரத்துப்போனால் பாயைப் பிடிக்க முடியாது. அதற்கு முன்பே கரையேறுங்கள்.

காற்று இழுத்துக்கொண்டு போனால் பாயைத் தண்ணீரில் போட்டுவிடுங்கள், பலகையை மட்டும் விடவே விடாதீர்கள். நீந்திக் கரை சேரலாம் என்று நினைக்கக் கூடாது. இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி, மெதுவாக உயர்த்தித் தாழ்த்துவதுதான் உதவி கேட்கும் சைகை. கரையிலிருப்பவர் பிரிட்டனின் அவசர எண்ணான 999ஐ அழைத்துக் கோஸ்ட்கார்டு (கடலோர மீட்புப் படை) என்று கேட்க வேண்டும். அதனால் எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று அவரிடம் சொல்லிவிட்டே தண்ணீரில் இறங்குங்கள்.