மஞ்சள் தூள் கந்தகமா, சாயமா? வீட்டிலேயே பிரித்துப் பார்க்கும் முறை

ரோஜா இலையில் சாம்பல் நோய் வந்தால் கந்தகத் தூள் தூவச் சொல்வார்கள். ஆனால் பெயர் ஒட்டாத பொட்டலத்தில் இருக்கும் மஞ்சள் தூளை நிறத்தை மட்டும் நம்பிச் செடியில் போடாதீர்கள். மஞ்சள் நிறமிகளில் சிலவற்றில், லெட் குரோமேட் போல, ஈயம் இருக்கும். அதனால் முதலில் கையுறை, முகக்கவசம் இரண்டையும் போட்டுக்கொள்ளுங்கள்.

1. கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி, ஒரு சிட்டிகை தூளை மேலே தூவிவிட்டு, கலக்காமல் பாருங்கள். தண்ணீரில் கரையும் சாயம் என்றால் தூள் விழுந்த இடத்திலிருந்தே நிறம் இழை இழையாகக் கீழே இறங்கும், கொஞ்ச நேரத்தில் டம்ளர் முழுக்க நிறமாகிவிடும். காவி போன்ற இரும்பு ஆக்சைடு நிறமி கரையாது, தண்ணீரைக் கலங்கவைத்துவிட்டு அடியில் படியும். கந்தகமோ தண்ணீரைவிட இரண்டு மடங்கு கனமானது, ஆனாலும் நனையாமல் மேலேயே மிதக்கும், தண்ணீரும் தெளிவாகவே இருக்கும்.

2. இப்போது பாத்திரம் கழுவும் சோப்பு நீர் ஒரு சொட்டு விடுங்கள். மிதந்த கந்தகம் பொலபொலவென்று அடியில் இறங்கும். பார்க்கவே அழகாக இருக்கும்!

3. சில நிறமித் தூள்களும் மிதக்கும் என்பதால் இதோடு நிறுத்தாதீர்கள். வெள்ளை பெயின்ட் ஒரு ஸ்பூன் எடுத்து ஒரு சிட்டிகை தூளைக் குழைத்துப் பாருங்கள். நிறமி என்றால் பெயின்ட் பளிச்சென்று மஞ்சளாகும், கந்தகத்துக்கு அந்தச் சக்தி இல்லை, நிறம் ஏறியதே தெரியாது. எனக்கு மிகவும் பிடித்த சோதனை இதுதான்.

வாசனையை வைத்து முடிவு செய்ய முடியாது. சுத்தமான கந்தகத்துக்கு வாசனை ஏறக்குறைய கிடையாது, எரிந்தால்தான் மூக்கைத் துளைக்கும். கொளுத்திப் பார்க்கும் வேலையும் வேண்டாம்: கந்தகம் சுமார் 115 டிகிரி செல்சியஸில் உருகி, நீலச் சுடரோடு எரிந்து, மூச்சை அடைக்கும் சல்பர் டை ஆக்சைடைக் கிளப்பும், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது ரொம்பவே ஆபத்து.

அப்புறம் ஒன்று, உரக்கடையில் 'நனையும் கந்தகம்' என்று கிடைப்பது தண்ணீரில் கலப்பதற்கென்றே தயாரித்தது, அது மிதக்காமல் பால் போலக் கலங்கும். அதற்கு இந்த டம்ளர் சோதனை பொருந்தாது, பாக்கெட்டில் அச்சிட்டிருப்பதைப் படித்துக்கொள்ளுங்கள். எல்லாம் பார்த்த பிறகும் சந்தேகம் தீரவில்லையா, அந்தத் தூளைச் செடிக்குப் போடாமல் லேபிள் உள்ள புதுப் பாக்கெட்டே வாங்கிவிடுங்கள்.