மலை ஏறும்போது நின்றுபோகும் பழைய கார்: பெட்ரோலா, கரண்டா என்று நீங்களே கண்டுபிடிக்கலாம்

ஏப்ரல், மே வெயிலில் ஏற்காடு மலைப்பாதையில் போனால், பானெட்டைத் திறந்துவைத்து ஓரமாக நிற்கும் பழைய கார் ஒன்றாவது கண்ணில் படும். கீழே சேலத்தில் அஸ்தம்பட்டி சிக்னலிலும் கோரிமேட்டிலும் ஒரு குறையும் சொல்லாமல் ஓடிய வண்டிதான் அது. அடிவாரம் தாண்டி ஏழெட்டு வளைவு ஏறியதும் இழுவை குறைந்து, விக்கி விக்கி, நின்றுவிடும். அரை மணி நேரம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும். இந்த மாதிரிக் கோளாறை வரிசையாகப் பார்த்துக் கண்டுபிடிப்பது எப்படி என்று புதிதாகப் பழகுகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

இது கார்பரேட்டர் (காற்றையும் பெட்ரோலையும் கலந்து இன்ஜினுக்குக் கொடுக்கும் பாகம்) வைத்த பெட்ரோல் கார்களுக்கு: பழைய மாருதி 800, ஆம்னி, பிரீமியர் பத்மினி, பெட்ரோல் அம்பாசிடர். கார்பரேட்டர் இல்லாமல் பெட்ரோலைப் பீய்ச்சி அடிக்கும் எம்பிஎஃப்ஐ வண்டிகளில் சென்சார், கம்ப்யூட்டர் எல்லாம் சேர்ந்துவிடுவதால் அது தனிக் கதை.

ஆரம்பிக்கும் முன் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்கிறேன். காற்று, பெட்ரோல் அளவைச் சரிசெய்யும் கார்பரேட்டர் ஸ்க்ரூவைக் கடைசியில்தான் தொட வேண்டும். வண்டி திணறியதும் திருப்புளியை எடுத்து ஸ்க்ரூவைத் திருகுகிறவர்கள் அதிகம். நேற்றுவரை சரியாக ஓடிய வண்டியில் அந்த ஸ்க்ரூ தானாகத் திரும்பியிருக்க வாய்ப்பு குறைவு. திருகிவிட்டால் பழைய கோளாறு அப்படியே இருக்க, புதிதாக இன்னொன்றும் சேர்ந்துகொள்ளும். “ஸ்க்ரூவைத் தொட்டியா தம்பி?” என்று பழைய மெக்கானிக்குகள் முதலில் கேட்பது இதனால்தான்.

நின்றவுடன் செய்ய வேண்டியது

வளைவிலேயே நிறுத்தாமல், முடிந்தவரை நேரான இடத்தில் ஓரம் கட்டுங்கள். ஹேண்ட் பிரேக் போட்டு, முதல் கியரில் விட்டு, பின்சக்கரத்துக்கு ஒரு கல் கொடுங்கள். கிளம்பும்போது அந்தக் கல்லை எடுத்து ஓரமாகப் போடுவது முக்கியம். இருட்டில் இறங்கிவரும் பைக்குக்கு நடுரோட்டில் கிடக்கும் ஒரு கல் போதும். பக்கத்தில் யாரும் பீடி, சிகரெட் பற்றவைக்கக் கூடாது. பெட்ரோல் ஒழுகி வாசம் அடித்தால் அதோடு நிறுத்துங்கள், செல்ஃப் அடிக்கவே வேண்டாம்.

முதல் சோதனை: பெட்ரோல் இருக்கிறதா?

இதை இன்ஜின் ஆறுவதற்குள் பார்த்துவிட வேண்டும். ஆறினால் தடயம் போய்விடும்.

சாவியை ஆஃப் செய்துவிட்டு ஏர் கிளீனர் மூடியைக் கழற்றுங்கள். கார்பரேட்டரின் வாய் தெரியும். முகத்தைக் குனிந்து வைக்காமல் பக்கவாட்டில் நின்று, டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். ஆக்சிலரேட்டர் கேபிள் வந்து சேரும் இடத்தைக் கையால் சட்டென்று இழுங்கள். உள்ளே ஒரு பக்கத்துச் சின்னக் குழாயிலிருந்து நூல் மாதிரி பெட்ரோல் பீய்ச்சி அடிக்க வேண்டும். அடித்தால் கார்பரேட்டர் தொட்டியில் பெட்ரோல் இருக்கிறது, சந்தேகம் கரண்ட் பக்கம் போகிறது. ரெண்டு மூன்று முறை இழுத்தும் வறண்டு கிடந்தால் பெட்ரோல் மேலே வந்து சேரவில்லை.

கரண்ட் பார்ப்பது

எந்த பெட்ரோல் ஹோஸையும் கழற்றாத நிலையில்தான் இதைச் செய்ய வேண்டும். ஏர் கிளீனர் மூடியைத் திரும்பப் போட்டுவிடுங்கள். வண்டியில் எப்போதும் ஒரு ஸ்பேர் பிளக் வைத்திருங்கள். பிளக் வயர் ஒன்றைக் கழற்றி அதில் மாட்டி, பிளக்கின் உலோக உடம்பு இன்ஜினில் நன்றாகத் தொட்டிருக்கும்படி கார்பரேட்டரைவிட்டுத் தள்ளி வையுங்கள். ரப்பர் பிடி போட்ட கட்டிங் பிளேயரால் பிடித்துக்கொண்டு, இன்னொருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். நீலமாக, டப் டப் என்று சத்தத்தோடு ஸ்பார்க் வந்தால் நல்லது. மஞ்சளாக மெலிந்து வந்தாலோ, வராமலே போனாலோ பிளக்குக்குக் கரண்ட் கொடுக்கும் பாகங்களான காயில், கண்டென்சர், பாயின்ட் செட், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி என்று அந்தப் பக்கம் தேட வேண்டும்.

இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். சூடேறினால் நின்று, ஆறினால் ஓடும் வண்டிக்கு எல்லோரும் சொல்லும் பெயர் ‘ஏர் லாக்’, அதாவது பெட்ரோல் குழாய்க்குள் ஆவி அடைத்துக்கொள்வது. ஆனால் பழுதான காயிலும் கண்டென்சரும் அதே மாதிரிதான் சூட்டில் படுத்து, ஆறியதும் எழுந்துவிடும். இந்த வித்தியாசம் தெரியாமல் நல்ல பெட்ரோல் பம்பைக் கழற்றிப் புதிது போட்டுவிடுவார்கள்.

பெட்ரோல் மேலே வரவில்லை என்றால்

டேங்க்கிலிருந்து முன்னால் வாருங்கள். முதலில் டேங்க் மூடியைத் திறங்கள். ‘புஸ்’ என்று காற்று உள்ளே இழுத்து, அதன் பிறகு வண்டி ஒழுங்காக ஓடினால் மூடியில் உள்ள காற்றுத் துளையோ வென்ட் குழாயோ அடைத்திருக்கிறது. பெட்ரோல் வெளியே போகப் போக அந்த இடத்துக்குக் காற்று வந்தாக வேண்டும், வராவிட்டால் பம்ப் எவ்வளவு இழுத்தாலும் வராது. செலவே இல்லாத சோதனை என்பதால் இதற்கு முதலிடம்.

அடுத்து ஃபில்டர். பிளாஸ்டிக் ஃபில்டராக இருந்தால் வெளியிலிருந்தே பார்க்கலாம். அடியில் செம்மண் நிறத்தில் துரு படிந்திருந்தால் மாற்றுங்கள், ஊதிச் சுத்தம் செய்து மறுபடி போடாதீர்கள். டேங்க்கில் பெட்ரோல் குறைவாக இருக்கும்போது மலை ஏறினால் அடியில் கிடக்கும் கசடு கிளம்பி வரும். பழைய வண்டியோடு மலைக்குப் போகிறீர்கள் என்றால் அரை டேங்க்காவது இருக்கட்டும்.

ரப்பர் ஹோஸ்களையும் விரலால் அழுத்திப் பாருங்கள். இப்போது பங்க்கில் கிடைப்பது எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் அதில் உப்பும், மெத்தென்றாகும், வெடிப்பு விடும். எத்தனால் தண்ணீரையும் இழுத்துக்கொள்ளும். அதனால் மாதக்கணக்கில் ஷெட்டில் நிற்கும் வண்டிக்கு டேங்க்கின் அடியில் துருவும் தண்ணீரும் சேர்வது சகஜம்.

எல்லாம் சுத்தமாக இருந்து, சூட்டில் மட்டும் பெட்ரோல் வரவில்லை என்றால்தான் வேப்பர் லாக்கை, அதாவது மேலே சொன்ன ‘ஏர் லாக்’கைச் சந்தேகிக்க வேண்டும். இந்த வண்டிகளில் மெக்கானிக்கல் பம்ப் இன்ஜின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. டேங்க்கிலிருந்து அது உறிஞ்சி இழுப்பதால் குழாய்க்குள் அழுத்தம் குறைகிறது, அழுத்தம் குறைந்தால் பெட்ரோல் சீக்கிரம் கொதிக்கும். மலையில் முதல், ரெண்டாம் கியரில் மெதுவாக ஏறும்போது பானெட்டுக்குள் காற்றோட்டமும் கிடையாது. குழாய்க்குள் ஆவி நிரம்பிவிட்டால் பம்ப் அந்த ஆவியைத்தான் அடித்துக்கொண்டிருக்கும்.

பானெட்டைத் திறந்து இருபது நிமிடம் விடுங்கள். பம்ப்பின் மீதும் பெட்ரோல் குழாயின் மீதும் ஈரத்துணியைப் போர்த்துங்கள். பச்சைத் தண்ணீரை அப்படியே ஊற்றினால் சூடான உலோகம் விரிசல் விடலாம். வீட்டுக்கு வந்தபின், பெட்ரோல் குழாய் சைலென்சர் பக்கம் தொட்டுக்கொண்டு போகிறதா, கம்பெனி கொடுத்த வெப்பத் தகடு இருக்கிறதா என்று பாருங்கள். பழைய வண்டிகளில் அந்தத் தகட்டை யாரோ ஒருவர் கழற்றிவிட்டு மாட்டாமல் போயிருப்பார்.

பம்ப் அடிக்கும் அளவை வீட்டில், இன்ஜின் ஆறியபின் மட்டும் பாருங்கள். காயிலின் நடு வயரைக் கழற்றி இன்ஜின் உலோகத்தோடு சேர்த்துவிட்டு, கார்பரேட்டருக்குப் போகும் ஹோஸை ஒரு பாட்டிலுக்குள் விட்டுச் செல்ஃப் அடியுங்கள். பெட்ரோல் விட்டு விட்டு, வேகமாக வர வேண்டும்.

ஸ்டார்ட் ஆகிறது, ஐடிலிங் நிற்கவில்லை

ஐடிலிங் என்பது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் ஓடுவது. இதைச் சோதிக்க, காற்றைக் குறைக்கும் சோக் போதும். இன்ஜின் சூடாக இருக்கும்போது சோக்கைக் கொஞ்சம் இழுங்கள். ஓட்டம் சீரானால் காற்று அதிகம், பெட்ரோல் போதவில்லை: ஐடிலிங்குக்குப் பெட்ரோல் விடும் சின்னத் துளையான ஸ்லோ ஜெட் அடைத்திருக்கலாம், இன்ஜின் காற்றை உறிஞ்சும் வேக்குவம் ஹோஸ் எங்காவது கழன்றிருக்கலாம். ஒவ்வொரு ஹோஸாக விரலால் நசுக்கிப் பாருங்கள், எதை நசுக்கும்போது ஓட்டம் மாறுகிறதோ அந்தப் பக்கம் கசிவு. சோக் இழுத்ததும் இன்னும் மோசமானால் பெட்ரோல் அதிகம்: ஏர் கிளீனர் அடைப்பு, அல்லது கார்பரேட்டர் தொட்டி நிறைந்ததும் பெட்ரோலை நிறுத்தும் நீடில் வால்வு மூடாமல் ஓவர்ஃப்ளோ. கார்பரேட்டரில் சோலனாய்டு (கரண்டில் திறந்து மூடும் வால்வு) இருக்கும் வண்டிகளில் சாவியை ஆன் செய்ததும் ‘டிக்’ என்று கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் அதன் வயரைப் பாருங்கள், பல நேரம் விஷயம் அவ்வளவுதான்.

பிளக்கின் நிறம்

பிஸ்கட் நிறம் நல்லது. காய்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகம், சாம்பல் வெள்ளை என்றால் குறைவு, எண்ணெய் பிசுக்கு என்றால் இன்ஜினுக்கு வயதாகிவிட்டது. மாருதி 800-க்கு பிளக் இடைவெளி 0.7 முதல் 0.8 மில்லிமீட்டர்.

ஏற்காட்டில் கழற்றிப் பார்த்த பிளக்கை வைத்து மட்டும் முடிவெடுக்காதீர்கள். சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1500 மீட்டர். மேலே காற்று பத்து சதவீதத்துக்கு மேல் மெலிந்துவிடும். கார்பரேட்டருக்கு அது தெரியாது, ஏறக்குறைய பழைய அளவிலேயே பெட்ரோலை விடும். அதனால் மேலே கொஞ்சம் கரி பிடிப்பதும் இழுவை குறைவதும் இயல்பு. அதைச் சரிசெய்கிறேன் என்று ஏரிப் பக்கம் நிறுத்தி ஸ்க்ரூவைத் திருகினால், கீழே வந்ததும் ஐடிலிங் நிற்காது. ட்யூனிங்கை சேலத்திலேயே, இன்ஜின் நன்றாகச் சூடானபின், மற்ற எல்லாம் சரி என்று தெரிந்தபின் செய்யுங்கள்.

கடைசியாக, ஆயில் குச்சியை எடுத்து மோந்து பாருங்கள். பெட்ரோல் வாசம் அடித்து, ஆயில் அளவும் ஏறியிருந்தால் பம்ப்பின் உள்ளே இருக்கும் டயாஃப்ரம் என்ற மெல்லிய சவ்வு கிழிந்து பெட்ரோல் ஆயிலில் இறங்கியிருக்கலாம், இல்லையென்றால் ஓவர்ஃப்ளோ ஆனது அங்கே போய்ச் சேர்ந்திருக்கலாம். அந்த நிலையில் வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் மெக்கானிக்கை வரவழையுங்கள். கோளாறைச் சரிசெய்து, ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றியபின் எடுத்தால் போதும்.