நல்ல ஒப்பந்தக் கறவையாளர் கிடைக்க

நியூசிலாந்தில் பால் பண்ணை ஆட்கள் பண்ணை மாறும் நாள் ஜூன் 1. உங்கள் மாடுகளைக் கறந்து பண்ணையை நடத்தித் தரும் ஒப்பந்தக் கறவையாளரைத் தேடுவதைக் கடைசி நேரத்துக்குத் தள்ளாதீர்கள். திறமையானவர்களை அதற்குள் வேறு யாராவது பேசி முடித்திருப்பார்கள்.

வருபவர் முதலில் கணக்கைத்தான் பார்ப்பார். கடந்த 3 பருவங்களில் எத்தனை கிலோ பால் திடப்பொருள் (கொழுப்பும் புரதமும்) கிடைத்தது, எத்தனை மாடுகள், வெளியில் வாங்கிய தீவனம், கொட்டகையின் மின்கட்டணம் எல்லாவற்றையும் கையில் கொடுங்கள். ஒப்பந்தக் கறவையாளருக்குக் கூலி அந்தக் கிலோ கணக்கில்தான். ஆள் சம்பளமும், பெரும்பாலும் மின்சாரம், லைனர் ரப்பர் (கறவை இயந்திரத்தில் காம்பில் மாட்டும் உறை) செலவும் அவர் தலையில். உற்பத்தியைக் கூட்டிச் சொன்னால் வறட்சி வந்ததும் அவர் கையைக் கடிக்கும், அடுத்த பருவமே கிளம்பிவிடுவார். குறைந்தபட்சத் தொகை ஒன்றை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். தீவனத்தைக் குறைப்பது உங்கள் முடிவென்றால், அதனால் குறையும் பாலுக்கு ஈடும் நீங்கள்தான் தர வேண்டும்.

அவருக்குத் தரும் வீட்டில் ஈரக்கசிவு இருந்தால் ஆளைக் கூப்பிடும் முன்பே சரிசெய்யுங்கள். குடும்பத்தோடு வருபவர் கொட்டகையைவிட வீட்டைத்தான் உற்றுப் பார்ப்பார்.