படம் ஷார்ப்பாக வரவில்லையா? புது லென்ஸ் வாங்கும் முன் இதையெல்லாம் பாருங்கள்

கேமரா வாங்கிச் சில வாரங்கள் ஆனதும் பலருக்கும் வருகிற கேள்வி இது: "படம் ஷார்ப்பாவே வர மாட்டேங்குது, வேற லென்ஸ் வாங்கலாமா?" வாங்கலாம், ஆனால் இப்போதே வேண்டாம். கேமராவோடு வந்த 18-55 மி.மீ. கிட் லென்ஸே, ஒழுங்காகப் பிடித்துச் சரியான இடத்தில் ஃபோகஸ் செய்தால், பெரிதாக அச்சடித்துச் சுவரில் மாட்டும் அளவுக்குத் தெளிவான படம் தரும். படம் தெளிவில்லாமல் போவதற்குப் பெரும்பாலும் மூன்றில் ஒன்றுதான் காரணம். கேமரா அசைந்திருக்கும், அல்லது எதிரில் இருந்தவர் அசைந்திருப்பார், அல்லது ஃபோகஸ் வேறெங்கோ விழுந்திருக்கும். மூன்றுக்கும் தீர்வு வேறு வேறு. ஃபோகஸ் தவறுகிறவர் டிரைபாட் (மூன்று கால் தாங்கி) வாங்கினால் பணம்தான் போகும். அதனால் முதலில் உங்கள் படத்தில் நடந்தது எது என்று கண்டுபிடிக்க வேண்டும்.

படி 1: படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்

கணினியில் படத்தைத் திறந்து நூறு சதவீத அளவில் வையுங்கள். அதற்கு மேல் போக வேண்டாம். இருநூறு சதவீதத்தில் எந்தப் படமும் மொழுமொழுவென்றுதான் தெரியும். செயலிகளில் அனுப்பி, சுருங்கித் திரும்பி வந்த படத்தை வைத்தும் முடிவு செய்யாதீர்கள். கேமராவிலிருந்து எடுத்த அசல் கோப்புதான் வேண்டும்.

இப்போது படத்தில் சின்னச் சின்ன வெளிச்சப் புள்ளிகளைத் தேடுங்கள். கண்மணியில் விழுந்த ஒளி, மூக்குக்கண்ணாடி ஓரத்தின் மினுக்கு, சட்டைப் பொத்தானின் விளிம்பு, இப்படி ஏதாவது. கண்ணில் உருண்டையாக இருக்க வேண்டிய அந்த ஒளிப்புள்ளி ஒரு குட்டிக் கோடாக இழுபட்டிருக்கிறதா? பின்னால் இருக்கும் விளக்கு, கதவுக் கைப்பிடி எல்லாமே அதே திசையில் இழுபட்டிருக்கின்றனவா? அப்படியானால் கேமராதான் அசைந்திருக்கிறது. கோடு மேலிருந்து கீழாக இருந்தால், பட்டனை அழுத்தும்போது கேமராவையும் சேர்த்துக் கீழே தள்ளியிருக்கிறீர்கள் என்று பொருள்.

சுவரும் நாற்காலியும் தெளிவாக இருந்து கையும் தலையும் மட்டும் இழுபட்டிருந்தால், அசைந்தது ஆள். எங்குமே இழுவை இல்லை, ஆனால் கண் மங்கலாகவும் காதோ பின்னால் இருக்கும் திரைச்சீலையோ பளிச்சென்றும் இருந்தால் அது ஃபோகஸ் சிக்கல். படம் முழுக்கப் பால் ஊற்றியதுபோல வெளிறி, விளக்குகளைச் சுற்றி மூட்டம் தெரிந்தால் லென்ஸில் விரல் ரேகையோ ஈரமோ இருக்கிறது.

அடுத்து, அந்தப் படத்தின் விவரங்களையும் பாருங்கள். ஷட்டர் வேகம் (ஒளி உள்ளே வரும் நேரம்), அப்பர்ச்சர் (லென்ஸ் துளையின் அளவு; எஃப் எண் சிறிதானால் துளை பெரிது), ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்குக் கேமரா காட்டும் உணர்திறன்), லென்ஸின் குவிய நீளம் எத்தனை மி.மீ. என்பதெல்லாம் ஒவ்வொரு கோப்பிலும் பதிந்திருக்கும். இந்த நான்கு எண்களும் இழுவை எந்தப் பக்கம் என்பதும் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

படி 2: கேமரா அசைந்திருந்தால்

பழைய கணக்கு ஒன்று இருக்கிறது, இன்றைக்கும் உதவும். லென்ஸ் எத்தனை மி.மீ.யோ, ஷட்டர் வேகம் நொடியில் அத்தனையில் ஒரு பங்காவது இருக்க வேண்டும். 50 மி.மீ. என்றால் குறைந்தது 1/50. இது ஃபுல் ஃபிரேம் எனப்படும் பெரிய சென்சார் கேமராவுக்கான கணக்கு. அதைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி சென்சார் உள்ள கேமராவில் 1.5 ஆல் பெருக்குங்கள். கேனான் என்றால் 1.6. ஆக, கிட் லென்ஸை 55 வரை ஜூம் செய்தால் 1/100-க்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் கேமராவுக்கு மெகாபிக்சல் அதிகமென்றால் இன்னும் ஒரு படி வேகமாக, அதாவது பாதி நேரத்தில், வைப்பது நல்லது, ஏனென்றால் சின்ன அசைவுகூட அதில் தெரிந்துவிடும்.

லென்ஸில் அசைவைக் கட்டுப்படுத்தும் வசதி இருந்தால் இந்தக் கணக்கு தளரும். நிக்கானில் அதன் பெயர் விஆர், கேனானில் ஐஎஸ், சோனியில் ஓஎஸ்எஸ். 1/60 தேவைப்படும் இடத்தில் 1/8-இல்கூட அது காப்பாற்றிவிடும். ஆனால் அது உங்கள் கை நடுக்கத்தைத்தான் அடக்கும், எதிரில் ஓடுகிற குழந்தையை நிறுத்தாது. இந்த ஒரு குழப்பத்தால் நிறையப் பேர் நல்ல வசதியை வீணென்று நினைத்துவிடுகிறார்கள்.

பிடிக்கிற விதமும் முக்கியம். இடது உள்ளங்கை லென்ஸுக்கு அடியில் இருக்கட்டும், பக்கவாட்டில் அல்ல. எடை முழுவதும் அந்தக் கையில்தான். முழங்கைகள் இரண்டும் விலாவோடு ஒட்டியிருக்கட்டும். வ்யூஃபைண்டர் இருந்தால் அதில் கண்ணை வைத்து எடுங்கள்; கேமரா முகத்தில் அழுந்தியிருப்பதே ஒரு பிடிமானம். மூச்சைப் பாதி விட்டு, நிறுத்தி, பட்டனை மெதுவாக அழுத்துங்கள். குத்தக் கூடாது. வெளிச்சம் குறைந்த இடத்தில் பர்ஸ்ட்டில் வைத்து மூன்று படங்கள் தொடர்ந்து எடுங்கள். முதல் படத்தில் விரல் அழுந்தும், கடைசியில் விரல் எழும், நடுவில் உள்ளது பல நேரம் தெளிவாக இருக்கும்.

படி 3: ஆள் அசைந்திருந்தால்

இங்கே ஷட்டர் வேகம் ஒன்றுதான் வழி. உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பவருக்கு 1/125, நடப்பவருக்கு 1/250, ஓடியாடும் குழந்தைக்கு 1/500, விளையாட்டுக்கு 1/1000 என்று ஆரம்பியுங்கள். பறக்கும் பறவைக்கு 1/2000-உம் தேவைப்படலாம்.

"வீட்டுக்குள்ள அவ்வளவு வெளிச்சம் இல்லையே?" என்றால், ஐஎஸ்ஓவை ஏற்றுங்கள். ஓர் அறையில் எஃப் 5.6, ஐஎஸ்ஓ 400 வைத்தால் 1/15 கிடைக்கிறது என்று வையுங்கள். 1/125 வேண்டுமென்றால் மூன்று படி ஏற வேண்டும்: 800, 1600, 3200. ஐஎஸ்ஓ 3200-ஐக் கண்டு பயப்படாதீர்கள். படத்தில் புள்ளிப் புள்ளியாக வரும் நாய்ஸை மென்பொருளில் ஓரளவு குறைக்கலாம், சிறிய அளவில் அச்சடித்தால் கண்ணிலேயே படாது. இழுபட்ட முகத்தை எந்த மென்பொருளும் முழுதாக மீட்டுத் தராது. புதிதாக எடுப்பவர்கள் ஐஎஸ்ஓ 400-ஐத் தாண்டக் கூடாது என்று விரதம் இருப்பதைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும். நல்ல தருணங்கள் அப்படித்தான் கைநழுவிப் போகின்றன.

ஒவ்வொரு முறையும் இதைக் கையால் மாற்ற வேண்டியதில்லை. ஆட்டோ ஐஎஸ்ஓ மெனுவுக்குள் 'மினிமம் ஷட்டர் ஸ்பீடு' என்று ஒன்று பல கேமராக்களில் இருக்கும். அதை 1/250 என்று வைத்து, அதிகபட்ச ஐஎஸ்ஓவை 6400 என்று கொடுத்துவிட்டால் மீதியைக் கேமரா பார்த்துக்கொள்ளும். அந்த வசதி இல்லையென்றால் டயலை ஷட்டர் ப்ரயாரிட்டிக்குத் திருப்பி, வேகத்தை மட்டும் நீங்கள் வையுங்கள்.

படி 4: ஃபோகஸ் தவறியிருந்தால்

கேமராவை அப்படியே பயன்படுத்தினால் பெரும்பாலும் எல்லா ஃபோகஸ் புள்ளிகளும் இயங்கும் நிலையில்தான் இருக்கும். எதில் ஃபோகஸ் செய்வது என்று கேமராவே முடிவு செய்யும். அதற்குப் பிடித்தது பக்கத்தில் இருக்கும் பொருள், அல்லது பளிச்சென்ற விளிம்பு. முகத்தை எடுக்க நினைப்பீர்கள், அது முன்னால் நீட்டியிருக்கும் கையைப் பிடித்துக்கொள்ளும்.

அதனால் முதல் வேலையாக ஒற்றைப் புள்ளிக்கு மாற்றுங்கள். அந்தப் புள்ளியை நகர்த்தி, உங்களுக்கு அருகில் உள்ள கண்மேல் வையுங்கள். பட்டனைப் பாதி அழுத்தி, பச்சை வந்ததும் மீதி அழுத்துங்கள். இடையில் முன்னும் பின்னும் ஆடாதீர்கள். புதிய மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத) கேமராவில் கண்ணைத் தேடிப் பிடிக்கும் வசதி இருந்தால் தயங்காமல் அதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஃபோகஸ் முறையிலும் இரண்டு வகை உண்டு. அசையாத ஆளுக்கு ஏஎஃப்-எஸ், கேனானில் ஒன் ஷாட். நடந்து வருபவருக்கு ஏஎஃப்-சி, கேனானின் பல மாடல்களில் ஏஐ சர்வோ. நடந்து வருபவரை ஏஎஃப்-எஸ்-இல் எடுத்தால், ஃபோகஸ் பூட்டியபோது அவர் இருந்த இடம் தெளிவாக இருக்கும், அவர் அதற்குள் ஓர் அடி முன்னால் வந்திருப்பார்.

அடுத்தது ஆழம், அதாவது முன்பின்னாக எவ்வளவு தூரம் தெளிவாக விழும் என்பது. 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸை ஏபிஎஸ்-சி கேமராவில் மாட்டி, ஒன்றரை மீட்டரில் உள்ள முகத்தை முழுக்கத் திறந்த அப்பர்ச்சரில் எடுத்தால், தெளிவாக விழும் பகுதி ஏறக்குறைய 6 செ.மீ.தான். மூக்கு நுனியிலிருந்து காது வரைகூட அது எட்டாது. அதே இடத்தில் எஃப் 4 வைத்தால் 14 செ.மீ. வரை கிடைக்கும், முகம் அடங்கிவிடும். இரண்டு பேரை எடுக்கும்போது இருவரையும் கேமராவிலிருந்து ஒரே தூரத்தில் நிற்க வைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

வெற்றுச் சுவர், வானம் போன்றவற்றில் ஆட்டோஃபோகஸ் திணறும், பிடிக்க ஒரு விளிம்பு அதற்கு வேண்டும். இருட்டில் முகத்தில் பிடிக்கவில்லையென்றால் அதே தூரத்தில் உள்ள சட்டைக் காலரில் பிடியுங்கள். மிக நெருங்கிப் போனாலும் பிடிக்காது. ஒவ்வொரு லென்ஸுக்கும் குறைந்தபட்ச தூரம் உண்டு. கிட் லென்ஸ்கள் பலவற்றில் அது 25 செ.மீ.யை ஒட்டி இருக்கும். அந்தத் தூரத்தை லென்ஸ் நுனியிலிருந்து அளப்பதில்லை. பல கேமராக்களின் மேல்பக்கத்தில் வட்டத்தைக் கோடு வெட்டுவதுபோல ஒரு குறி இருக்கும். சென்சார் இருக்கும் இடம் அது, அங்கிருந்துதான் கணக்கு.

வ்யூஃபைண்டரில் பார்க்கும்போதே எல்லாம் மங்கலாகத் தெரிகிறதா? பக்கத்தில் ஒரு குட்டிச் சக்கரம் இருக்கும். உள்ளே தெரியும் எண்கள் துல்லியமாகும் வரை அதைத் திருப்புங்கள். அது உங்கள் கண்ணுக்கான திருத்தம், படத்தை மாற்றாது.

படி 5: டிரைபாட்

அசையாத பொருள், குறைந்த வெளிச்சம் என்றால் டிரைபாட்தான். காலை நீட்டும்போது தடித்த பகுதிகளை முதலில் நீட்டுங்கள். நடுத்தண்டைக் கடைசிவரை தூக்காதீர்கள், தூக்கினால் மூன்று கால் ஒற்றைக் காலாகிவிடும். இரண்டு நொடி டைமர் வைத்து எடுங்கள். டிஎஸ்எல்ஆர் (உள்ளே கண்ணாடி உள்ள கேமரா) என்றால் லைவ் வ்யூவில், அதாவது பின்திரையில் பார்த்து, எடுப்பது நல்லது, கண்ணாடி எழும்பும் அதிர்வு இருக்காது. விஆர், ஐஎஸ் வகையறாவை அணைத்துவிடுங்கள். பழைய லென்ஸ்கள் சில, அசைவே இல்லாதபோது தாமாக அலைபாயும். காற்றடித்தால் கேமராவின் வாரைக் கழற்றிவிடுங்கள்.

படி 6: துடைப்பது

முதலில் ரப்பர் ஊதியால் ஊதுங்கள். தூசியில் மணல் துகள் இருந்தால், ஊதாமல் துடைப்பது தேய்ப்பதற்குச் சமம். அப்புறம் மைக்ரோஃபைபர் துணி, நடுவிலிருந்து வெளியே வட்டமாக. திரவம் தேவைப்பட்டால் துணியில் ஒரு சொட்டு விடுங்கள், லென்ஸில் நேரடியாக வேண்டாம். சட்டை நுனி வேண்டவே வேண்டாம். முன்னால் யூவி ஃபில்டர் மாட்டியிருந்தால் இரவில் விளக்குகளை எடுக்கும்போது கழற்றிவிடுங்கள், ஃபில்டரில் விளக்கு பிரதிபலித்துப் படத்தில் விழும் பேய் வெளிச்சங்கள் குறையும். குளிரூட்டிய அறையிலிருந்து புழுக்கமான வெளியிடத்துக்குப் போகும்போது கேமராவை மூடிய பையிலேயே சிறிது நேரம் வைத்திருந்து எடுத்தால் ஈரம் படியாது.

படி 7: லென்ஸைச் சோதியுங்கள்

சின்ன எழுத்துகள் உள்ள ஓர் அச்சுத் தாளைச் சுவரில் ஒட்டுங்கள். நல்ல வெளிச்சம், டிரைபாட், தாளுக்கு நேராகக் கேமரா, ஐஎஸ்ஓ 100, எஃப் 8, இரண்டு நொடி டைமர். லைவ் வ்யூவில் பெரிதாக்கி ஃபோகஸ் செய்து எடுங்கள். எழுத்துகள் தெளிவாக இருந்தால் லென்ஸில் குறையில்லை, மேலே சொன்ன படிகளில்தான் எங்கோ கவனம் தேவை. நான்கு மூலைகளில் ஒன்று மட்டும் எப்போதும் மங்கலாக இருந்தால் உள்ளே ஒரு கண்ணாடி நிலை மாறியிருக்கலாம், சர்வீஸுக்குக் கொடுங்கள். டிஎஸ்எல்ஆரில் லைவ் வ்யூவில் தெளிவு, வ்யூஃபைண்டர் வழியாக எடுத்தால் ஒவ்வொரு முறையும் மங்கல் என்றால் ஃபோகஸைச் சீரமைக்க வேண்டும்; சில மாடல்களில் மெனுவிலேயே அதற்கு வசதி உண்டு. அதே தாளை எஃப் 22-இலும் எடுத்துப் பாருங்கள். தெளிவு குறைந்திருக்கும். மிகச் சிறிய துளை வழியாகப் போகும் ஒளி சற்றே விரிந்து சிதறுவதால் அப்படி.

இவ்வளவும் பார்த்த பிறகும், மங்கிய அறைகளில் ஷட்டர் வேகம் போதவில்லை என்பதுதான் உங்கள் சிக்கலா? சரி, அப்போது எஃப் 1.8 லென்ஸ் ஒன்று வாங்குங்கள். எஃப் 5.6-ஐவிட ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சத்தை அது உள்ளே விடும். ஐஎஸ்ஓ 3200 கேட்ட அறையில் 320 போதும். 35 வாங்குவதா, 50 வாங்குவதா என்று தெரியவில்லையென்றால், கிட் லென்ஸை முதலில் 35-இலும் பிறகு 50-இலும் நிறுத்தி, ஜூமைத் தொடாமல் தலா சில நாள் வீட்டுக்குள் எடுத்துப் பாருங்கள். 50-இல் பின்னால் போக இடமில்லாமல் முதுகு சுவரில் முட்டிக்கொண்டே இருந்தால் 35 வாங்குங்கள். 35-இல் எடுத்த படங்களை எல்லாம் பிறகு முகம் மட்டும் தெரியும்படி வெட்டிக்கொண்டிருந்தால் 50.